இரண்டாவது துள்ளல்

என் வலது காலைப் பற்றி லண்டனில் இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. அதனால், பிரசாந்தினி, நேற்று கோலியர்ஸ் வுட் பஸ் தரிப்பில் வைத்து, "கால் சறுக்கினதோ, வேணுமெண்டு செய்தனியோ?" என்று நீ கேட்டது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். கால் சறுக்கவில்லை. பந்து நான் நினைத்தபடியே போனது.

உனக்கு அமெரிக்கன் ஃபுட்போல் விளங்காது, முதலிலிருந்தே சொல்கிறேன். அதில் உதைப்பவன் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்பான். தன் அணி புள்ளி எடுத்ததும் உள்ளே வந்து, பந்தை எதிரணிக்கு நீளமாக உதைத்துவிட்டுத் திரும்பிப் போவான். உன் அண்ணன் தர்சிகனும் நானும் சின்ன வயதிலிருந்து எங்கள் ஊர்க் கழகத்தில் உதைபந்து ஆடினோம். அவன் கோல்காப்பாளன். எனக்கென்று ஒன்று வேண்டும் என்றுதான் நான் அதை விட்டு இந்த விளையாட்டுக்கு வந்தேன். அடுத்த வருடம் அவனும் வந்தான், மனோர் பார்க் பக்கத்து அணிக்கு. ஒரே பருவத்தில் எல்லோருக்கும் அவனைத்தான் தெரிந்தது. பந்து அவன் கையைத் தேடி வரும்.

எங்கள் இரண்டு அணிகளும் முதல்முறை மோதிய அன்று நல்ல மழை. ஆட்டம் முடிந்து எல்லோரும் சேற்றோடு நின்றபோது அவன் சேறே படாத என் மேல்சட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"மச்சான், உன்ர ஜேர்சியை வீட்டில தோய்க்கிறவையோ, இல்லாட்டிச் சும்மா மடிச்சு வைக்கிறவையோ?"

எங்கள் அணி றெஜினோல்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கேக்கிறதில ஞாயம் இருக்குத்தானே!"

நானும் சிரித்தேன். நல்ல பகிடி அது. அதற்காக நான் கோபப்பட்டேன் என்று நினைத்துவிடாதே.

பிறகு ஒரு பயிற்சியில் அவன் தலைகுத்த விழுந்தான். உனக்குச் சொல்லவில்லை, என்னைத்தான் கூப்பிட்டான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். கழுத்தெலும்பு பழுதாகியிருக்கிறது, இன்னொரு அடி விழுந்தால் கையும் காலும் இயங்காமல் போகலாம், இனி விளையாடவே கூடாது என்றார் டொக்டர்.

காரில் அவன் சொன்னான்: "அம்மாட்டச் சொல்லிப்போடாத மச்சான். பிரசாவுக்கும்தான். இந்த சீசன் மட்டும்."

"சொல்லமாட்டன்," என்றேன். சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய ஒருவனை நீ குற்றவாளி என்கிறாய்.

நீளமாக உதைப்பதற்குப் பதிலாக வேண்டுமென்றே கட்டையாக உதைப்பதும் உண்டு. ஒன்சைட் கிக் என்பார்கள். பந்து பத்து யார் தூரத்தைத் தாண்டிவிட்டால் உதைத்த அணியும் அதைப் பிடிக்கலாம். தோற்றுக்கொண்டிருப்பவர்களின் கடைசி ஆயுதம் அது. பந்தை நிலத்தில் மோதி மேலே கிளப்ப வேண்டும். ஆனால் முதல் துள்ளலிலேயே மேலே கிளம்பினால், எதிரணியில் பிடிக்க நிற்பவனை யாரும் தொடக்கூடாது. சட்டம் அவனைக் காக்கும். இரண்டாவது துள்ளலில் கிளம்பினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

கோடை முழுவதும் ஸ்ட்ரெதம் பக்கத்துப் பூங்காவில் அதைப் பழகினேன். முட்டை வடிவப் பந்தின் தலையில், பாதத்தின் உட்பக்கத்தால் வெட்ட வேண்டும். முதல் துள்ளல் புல்லோடு ஒட்டிப் போகும். இரண்டாவது, வீட்டுக் கூரை உயரத்துக்கு எழும்பும். உதைபந்துக் கால் இல்லாதவனுக்கு அது வராது.

உதைபந்தில் கோல்காப்பாளன் உயர எழும்பும்போது அவனை யாரும் இடிக்கக்கூடாது. அதனால் தர்சிகனுடைய கண் எப்போதும் பந்தோடு மேலே போய்விடும், பக்கத்தில் வருபவனைப் பார்க்காது. தலைக்கவசம் போட்டால் மட்டும் அந்தப் பழக்கம் மாறிவிடுமா?

இரண்டாவது ஆட்டத்தில் அவன் எதிரணியின் முன்வரிசையில் நின்றான். நான் றெஜினோல்டிடம் சொன்னேன்: "கட்டையா உதைக்கப் போறன். நேரே தர்சிகனிட்ட ஓடு."

"நாங்கள் வெல்லுறமடா, இப்ப என்னத்துக்கு?"

"நீ ஓடு."

றெஜினோல்டைத் திட்டாதே. கழுத்து விஷயம் அவனுக்குத் தெரியாது. நான் காட்டிய இடத்துக்கு ஓடி மோதினான், அவ்வளவுதான். முன்னுக்கு நிற்கிற அணி ஏன் இப்படி உதைக்க வேண்டும் என்று நீ கேட்டதைப் பயிற்சியாளரும் கேட்டார். எதிர்பாராத நேரத்தில் செய்தால்தானே தந்திரம் என்றேன். நல்ல பதில் என்றார். தவறு என்று நடுவர் கொடி எறியவில்லை. வீடியோவை எத்தனை தரம் வேண்டுமென்றாலும் ஓட்டிப் பார், சட்டத்துக்கு மாறாக நான் எதுவும் செய்யவில்லை.

ஆனால் நீ கேட்டது சட்டத்தைப் பற்றி அல்ல. ஆகவே சொல்கிறேன். பந்து எங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் அதை உதைக்கவில்லை. அவனுடைய கண் மேலே போக வேண்டும், றெஜினோல்ட் வந்து சேர வேண்டும், அந்தக் கழுத்து தாங்கக்கூடாது. அதற்காகத்தான் உதைத்தேன். உன் அம்மா கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

கையும் காலும் இயங்காமல் அவன் படுத்திருக்கிற அறைக்கு இனி வராதே என்கிறாய். நான் வருவேன். நீ வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்ததும், அவன் கண்ணை மூடிவிடுவான். நான் எழும்பிப் போகும்வரை திறக்கமாட்டான். நம்பாத ஒருவனுக்குப் பக்கத்தில் யாராலும் இவ்வளவு நிம்மதியாகத் தூங்க முடியாது, பிரசாந்தினி.