மாரியப்பன் திரையைப் பார்த்த காலை

எனக்குப் பனி பிடிக்கும், ஐயா. நேரில் பார்த்ததில்லை. தண்டையார்பேட்டையில் அதற்கு வழியுமில்லை. பிலிமில்தான் பார்த்திருக்கிறேன்.

ஓடித் தேய்ந்த படங்களெல்லாம் நான் வேலை செய்யும் கிடங்குக்கு வரும். சோடாக்காரம் கொதிக்கும் தொட்டியில் போட்டால் உருவங்கள் கரைந்துவிடும். கரைசலிலிருந்து வெள்ளி எடுப்பார்கள். வெறும் பிலிம் வளையல் செய்கிறவர்களுக்குப் போகும். தொட்டிக்குப் போகுமுன் எனக்குப் பிடித்த துண்டுகளை வெட்டி ஒளித்துவைப்பேன். வருஷக்கணக்காக அவற்றை ஒட்டி ஒரு படம் உண்டாக்கினேன். நம் ஊர் நடிகை கதவைத் திறப்பாள்; வெளியே எந்த நாட்டிலோ பனி பெய்யும். அதில் இறங்கி நடக்கும்போது முகம் வேறொருத்தியுடையதாக இருக்கும். எனக்கு அவள் ஒருத்திதான்.

திருவொற்றியூர் தகரக் கொட்டகை ஆபரேட்டர் மாரியப்பனிடம் அதை ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

“இன்னா நைனா இது? மெட்ராஸ்ல கதவத் தொறந்து சீமையில போயி நிக்கிறா. டிக்கெட்டு யாரு எடுத்துக் குட்த்தது?”

ரீலை அவர் திருப்பித் தரவில்லை. கொட்டகையிலிருந்து கிடங்குக்கு வரும் கழிவுக் கட்டுக்குள் சுருட்டி அனுப்பிவிட்டார். கட்டுகளைத் தொட்டியில் போடுவது என் வேலை. பிரித்துப் பார்க்காமல் போட்டேன். மறுநாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

“பனி கரைஞ்சிட்ச்சா நைனா? உன் கையாலயே வெந்நீர்ல போட்டுகினியே.”

நானும் சிரித்தேன்.

அவர் நல்ல ஆபரேட்டர். படம் ஓடும்போது திரையைப் பார்க்கமாட்டார். விளக்குக்கு முன்னால் பிலிம் ஒரு கணம் நின்றால் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கினாலும் அணையாது. அதனால் கண் எப்போதும் மெஷின்மேல்.

‘அங்கு’ என்று அவர் கூப்பிடும் மனைவி அங்கம்மா யுத்தத்துக்கு முன் ரங்கூன் போனவள், திரும்பவில்லை. இடது கன்னத்தில் மச்சம் என்று அவரே ஒருநாள் சொல்லியிருந்தார். ரங்கூன் அகதிகள் நம் துறைமுகத்தில் இறங்கும் செய்திப்படத் துண்டு ஒன்று கிடங்கில் கிடைத்தது. கூடையோடு ஒருத்தி இறங்கினாள், முகம் தெரியவில்லை. வேறொரு படத்திலிருந்து, திரும்பிப் பார்க்கும் ஒரு முகத்தை அதோடு சேர்த்தேன். பிலிமின் ஒவ்வொரு கட்டத்திலும் ஊசிமுனையால் மையைத் தொட்டு மச்சம் வைத்தேன். முகம் முடிகிற இடத்தில், மெஷின் பல் பிடித்து இழுக்கும் ஓரத் துளைகளைக் கிழித்து, தடிப்பாக ஒட்டினேன்.

“ரங்கூன் கப்பல்லேர்ந்து ஒரு அம்மா எறங்குது, மாமு. கன்னத்துல மச்சம் கீது.”

“எங்க கீது அந்த ரீலு?”

வேறு சமயமானால் ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்துத்தான் ஏற்றுவார். அன்று தடவவில்லை.

ஞாயிறு காலை. கொட்டகையில் நாங்கள் இருவர்தான். நான் கீழே பெஞ்சில் இருந்தேன். முகம் திரும்பியது. மேலே மெஷின் அறையிலிருந்து “அங்கு” என்று மெதுவாக ஒரு குரல். முகம் அப்படியே நின்றது. அதன் நடுவே ஒரு பழுப்புப் புள்ளி பரவியது. பிறகு எல்லாம் வெள்ளை. பனி மாதிரி.

விபத்து என்கிறார்கள். அந்த ஒட்டு என் கைவேலை. அதை விபத்து என்றால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆனால் கொலை என்றும் எழுதாதீர்கள். அவர் ஆசைப்பட்டதைக் காட்டினேன், அவ்வளவுதான். வெயில் புகுந்தால் படம் வெளுத்துவிடும் என்றுதான் அவர் அறைக் கதவை வெளியே தாழிட்டேன். அவர் தட்டியபோது திறக்காமல் இருந்ததும் அதற்காகத்தான்.