சமாதிக்குள் தூங்கிய பாப்பா

மாரண்டஹள்ளி பஸ்ஸில் என் முன்சீட்டில், மடியில் குழந்தையோடு இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"எம்பொண்ணு நேத்து சமாதிக்குள்ள படுத்துத் தூங்கிட்டாக்கா."

"என்னடி சொல்ற?"

"அந்தக் காலத்துல செத்தவங்களுக்குக் கல்லுல வூடாட்டம் கட்டியிருக்காங்கல்ல, அதப் பாக்கப் போனோம். கைடு பேசிட்டிருக்கறப்ப பெரியவன் ஒண்ணுக்குப் போகணும்னான். கூட்டிட்டுப் போயிட்டு வந்தா, இவளக் காணோம். பக்கத்துலயே கெணறு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அப்புறம்?"

"கைடுதான் ஒவ்வொண்ணா குனிஞ்சு பாத்தாரு. ஒண்ணுக்குள்ள சுருண்டு கெடந்தா. எழுப்புனா, 'உள்ள ஜில்லுனு இருக்கும்மா'ங்கறா."

"அடிச்சியா?"

"கைய ஓங்குனேன், அழுகதான் வந்துச்சு. கைடு சிரிச்சுட்டே, 'அழுவாதீங்கம்மா, இதுக்குள்ள படுத்து எந்திரிச்சு வந்த மொத ஆளு உங்க பாப்பாதான்'னாரு."