பள்ளிக்கூடம் விடுற சத்தம்

சட்டைய விடுங்கண்ணே, ஓட மாட்டேன். ஓடறவனா இருந்தா நீங்க அந்தச் சுத்தியலோட கேட்டத் தாண்டி வந்தப்பவே ஓடியிருப்பேன். மொதல்ல அதக் கீழ வைங்க, பாக்கவே கதிகலங்குது. ஓ, மணி அடிக்கற சுத்தியலா அது? அப்ப வாட்ச்மேன் வேலையும் பாத்து, மணியும் நீங்கதான் அடிக்கறீங்களா? நல்லதாப் போச்சு. நான் பேச வேண்டிய ஆளு நீங்கதான்.

மூணு நாளா இந்த கேட்டையே சுத்தி வர்றேன், வாஸ்தவம், இல்லங்கல. ஆனா புள்ள புடிக்கிறவன் பொண்டாட்டியக் கூட்டிட்டா வருவான்? அதுவும் வாயும் வயிறுமா இருக்கறவள? அதோ பாருங்க, எதுத்தாப்புல நோட்டுக் கடை வாசல்ல சிமெண்டு பெஞ்சுல உக்காந்திருக்கா. அவதான் என் வீட்டுக்காரி. இந்தப் பக்கமேதான் பாக்கறா. நீங்களும் சும்மா ஒரு கை ஆட்டிடுங்கண்ணே, இல்லன்னா ஏதோ தகராறுன்னு எந்திரிச்சு வந்துடுவா. ஆங், அப்படித்தான். கொஞ்சம் சிரிச்ச மாதிரி. இப்ப சட்டைய விட்டுடுங்க.

யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்கன்னு நேத்தே கேட்டீங்க. பதில் சொல்லாம முழிச்சேன், அதான் உங்களுக்குச் சந்தேகம். சொந்தக்காரப் புள்ளன்னு யாரும் இங்க படிக்கலண்ணே. எங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. மணி அடிச்சுப் பள்ளிக்கூடம் விடுறப்ப, நாங்க ரெண்டு பேரும் உள்ள, அந்த வராந்தாத் தூண்கிட்ட நிக்கணும். புள்ளைங்க போறப்ப நாங்களும் கூடவே போயிடுவோம். வேற ஒரு துரும்பத் தொட மாட்டோம்.

வெளிய நின்னா பத்தாதுண்ணே. நின்னு பாத்தாச்சே. மொத நாளு நாங்க ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள எல்லாம் கலைஞ்சு போச்சு, ஒரு தண்ணி பாட்டில் மட்டும் ரோட்டுல கெடந்துச்சு. நேத்து பரீட்சை போல. ஒண்ணொண்ணா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்துச்சுங்க. ஒரு சத்தம் இல்ல, எழவு வீட்டுலேர்ந்து வர்ற மாதிரி. சீ, வாயில என்ன வார்த்தை வருது பாருங்க. இன்னைக்கு விட்டா நாளைக்கும் நாளான்னைக்கும் லீவு. திங்கக்கெழமை காலைல இவள ஆஸ்பத்திரில சேக்கறோம். அதனால இன்னைக்குத்தான்.

சத்தத்துக்குத்தாண்ணே. ஆமா, சத்தம் கேக்கத்தான் வந்தோம். சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செய்றாங்க.

நான் கண்டக்டர்ணே. நாள் முழுக்கப் பேசிப் பேசி சுருக்கமாச் சொல்ல வராது. மொத ஸ்டாப்புலேர்ந்து கடைசி ஸ்டாப், கடைசி ஸ்டாப்புலேர்ந்து மொத ஸ்டாப், செக்கு மாடு மாதிரி இதே பொழப்பு. ஊரையெல்லாம் ஏத்தி எறக்கறீங்களே, கட்டுனவள ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனதுண்டான்னு இவ கேப்பா. கேக்கறப்பல்லாம் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு வாயிலயே டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டு டூட்டிக்குப் போயிடுவேன். இப்ப சேத்து வெச்சுச் சுத்தறோம். போட வேண்டிய லீவெல்லாம் போட்டுட்டேன். டிப்போல மேஸ்திரி கேக்கறான், புள்ளையப் பெக்கறது நீயா உன் பொண்டாட்டியான்னு.

இது ரொம்ப வருஷம் கழிச்சு வந்த புள்ளண்ணே. இருக்கற டாக்டரையெல்லாம் பாத்து, அப்புறம் போதும்டா சாமின்னு விட்டுட்ட பொறவு தானா வந்துச்சு. டிக்கெட் எடுக்காம ஏறிட்டதால நாங்க அதுக்குப் பாசஞ்சர்னு பேரு வெச்சிருக்கோம். காலைல டூட்டிக்குக் கெளம்பறப்ப, வெளையாட்டுக்கு, இவ வயித்துப் பக்கம் குனிஞ்சு ரெண்டு விசில் குடுப்பேன். ரெண்டு விசில்னா போலாம்னு அர்த்தம். நம்புவீங்களோ மாட்டீங்களோ, உள்ளேர்ந்து ஒரு உதை வரும். இவ ஐயோம்பா. எனக்கு அன்னைக்குப் பூரா கலெக்‌ஷன் கொறைஞ்சாக்கூட கவலை இருக்காது.

அப்புறம் அந்த ஸ்கேன் எடுத்தாங்க. எடுத்துட்டு டாக்டரம்மா கூப்பிட்டு உக்கார வெச்சு நெறைய பேசுனாங்க. நான் ஒண்ணுதான் கேட்டேன். இதுக்கு இப்ப என்னம்மா தெரியும்னு. கண்ணுக்கு ஒண்ணும் பெருசாத் தெரியாது, காது நல்லாக் கேக்கும்னாங்க. வீட்டுக்கு வந்து செருப்பக் கூட கழட்டல. இவதான் சொன்னா, காட்டத்தான் முடியாது, கேக்க வெக்கலாம்ல, நாளைலேர்ந்து லீவு போடுங்கன்னு.

மொதல்ல கடலுக்குப் போனோம். இவ தண்ணிக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டா. நான் இது அலை, இது அலைன்னு வயித்தப் பாத்துச் சொல்லிட்டே இருக்கேன், ஸ்டாப் பேரு சொல்ற மாதிரி. பக்கத்துல ஒருத்தரு எந்திரிச்சு வேற எடம் பாத்துப் போயிட்டாரு. அப்புறம் ரயில் பாலத்துக்கு அடில நின்னோம். கூட்ஸ் வண்டி ஒண்ணு போச்சு பாருங்க, பாசஞ்சர் உள்ள அப்படிப் பொரண்டுச்சாம். மார்க்கெட்டுல போய் ஒண்ணுமே வாங்காம மீன்காரம்மாகிட்ட வெலை பேசுனோம். பேசுனது அந்தம்மாதான், நாங்க வாங்கிக் கட்டிக்கிட்டோம். அந்தத் திட்டும் ஊரு சத்தம்தானே, அதுவும் கேக்கட்டும்னா இவ.

மிருகக்காட்சிசாலைல சிங்கம் தூங்குதுண்ணே. காத்திருந்தோம், காத்திருந்தோம், அது கொட்டாவி விடுது, திரும்பப் படுக்குது. எங்க ஆபீஸ் டைம்கீப்பர் கெட்டான். கூண்டு பாக்கறவர்கிட்ட போய், ஒருவாட்டி கத்த வைங்க சார், என் புள்ளைக்குக் கேக்கணும்னேன். புள்ள எங்கன்னு தேடுனாரு. இவ வயித்தத் தொட்டுக் காட்டுனா. அந்த மனுஷன் எங்களை ஏற எறங்கப் பாத்துட்டு, சாப்பாட்டு வண்டிய வேணும்னே லேட்டா உருட்டிட்டு வந்தாரு. கத்துச்சு பாருங்க ஒரு கத்து! நானே ரெண்டு அடி பின்னால போயிட்டேன். பாசஞ்சர் மட்டும் கம்முனு இருந்துச்சு. எங்க வீட்டு ஆளுங்க எல்லாருமே பெரிய ஆளு முன்னாடி அப்படித்தான்.

மழைதான் கெடைக்கல. இந்தச் சீசன்ல மழைக்கு எங்க போறது? எங்க டிப்போல பஸ் கழுவறவன் ஒருத்தன் இருக்கான், தண்ணி வண்டின்னு கூப்பிடுவோம். பாவம், ஒரு சொட்டு குடிக்க மாட்டான். அவன்தான் அண்ணியக் கூட்டிட்டு வான்னான். என் வண்டியில, நான் எப்பவும் சாஞ்சுக்கிட்டு நிக்கற கம்பிக்குப் பக்கத்து சீட்டுல உக்கார வெச்சு, ஷட்டரெல்லாம் எறக்கிட்டு, மேலேர்ந்து ஹோஸப் புடிச்சு அடிச்சான் பாருங்க. கூரை முழுக்க மழைதான். இடி வேணுமான்னு கேட்டுட்டு கையால தகரத்துல ரெண்டு தட்டு தட்டுனான். இவ கண்ண மூடிட்டு சிரிச்சா. கல்யாணமான புதுசுல சிரிச்ச சிரிப்புண்ணே அது. நான் ஷட்டர் பக்கம் திரும்பி மூக்க உறிஞ்சுக்கிட்டேன். நல்லவேளை, தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்காது.

அத்தை திட்டாத நாளில்ல. எங்க மாமியாரச் சொல்றேன். நெறமாசக்காரிய ரோடு ரோடா இழுத்துட்டு அலையறியே, உனக்கு மண்டையில என்ன இருக்குன்னு கேக்கறாங்க. மச்சான் வந்து நடுவீட்டுல நின்னு, வெளிய வந்தப்புறம் இதெல்லாம் கேட்டுக்காதா மாப்ளே, அப்படி என்ன அவசரம்னாரு. நான் தலையச் சொறிஞ்சேன். இவ உள்ளேர்ந்து, நீங்க காபி குடிச்சீங்களாண்ணான்னு கேட்டா.

பள்ளிக்கூடம் இவ யோசனைதான். மத்த எடமெல்லாம் நாம கூட்டிட்டுப் போற எடம், இது ஒண்ணுதான் புள்ள தனியாப் போய்ட்டு வர்ற எடம்னா. காலைல கொண்டாந்து உள்ள விடறதுல அவளுக்கு இஷ்டமில்லண்ணே. திரும்பி வர்றதுதான் வேணுமாம். மணி அடிக்கணும், எல்லாம் ஹோன்னு கத்திக்கிட்டு ஓடி வரணும், அந்தச் சத்தத்துக்கு நடுவுல நாங்களும் மத்த அப்பா அம்மா மாதிரி வீடு வரைக்கும் நடந்தே போகணும். அதுக்குன்னே ஆட்டோ வேணாம்னுட்டா. வழியில என்ன பாடம் நடத்துனாங்கன்னு வேற என்னைக் கேக்கச் சொல்லியிருக்கா. நான் இப்பவே யோசிச்சுட்டு இருக்கேன், என்ன கேக்கலாம்னு.

இடிச்சுத் தள்ளிடுவாங்களா? அதான் தூண்கிட்டன்னு சொன்னேன். தூணுக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். பீக் அவர்ல ஃபுட்போர்டுல நின்னு கூட்டம் தாங்குனவண்ணே நான், நாலாங்கிளாஸ் புள்ளைங்களத் தாங்க மாட்டேனா?

என்ன சொன்னீங்க? அஞ்சு வருஷம் பொறுத்து இங்கயே கொண்டாந்து சேத்துடுங்கறீங்களா? அப்புறம் தெனமும் இந்தச் சத்தம்தான், காது புளிச்சுப் போயிடுங்கறீங்களா?

சேக்கலாம்ணே. நல்ல எடம். மரமெல்லாம் இருக்கு.

எங்க பாசஞ்சர் அவ்ளோ தூரம் வராதுண்ணே.

நுரையீரல் வளரல. அந்த ஸ்கேன்ல தெரிஞ்சுது. வேற பெரிய டாக்டர் ரெண்டு பேர்கிட்டயும் காட்டிட்டோம், எல்லாரும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்றாங்க. உள்ள இருக்கற வரைக்கும் ஒரு கொறையும் இல்ல, அம்மா மூச்சுலயே ஓடுது. வெளிய வந்தா அதுக்குன்னு சொந்த மூச்சு வேணும்ல. ஒரு மணி நேரம் இருக்கலாம், அதுகூட இல்லாமலும் போலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவங்களும் பொம்பளைதானே, சொல்லிட்டு மேஜைல இருந்த பேனாவ எடுத்து எடுத்து வெச்சாங்க. அதனாலதாண்ணே அவசரம். மத்த புள்ளைங்களுக்குப் பொறந்த பொறவுதான் எல்லாம். இதுக்கு இந்த வாரங்கதான் வாழ்க்கை.

அத்தைக்குச் சொல்லல. மச்சானுக்கும் சொல்லல. சொன்னா வீடே அழும். அழுதா அதுவும் அதுக்குக் கேக்கும்ல? அழுகைச் சத்தம் ஒண்ணு மட்டும் அதுக்குத் தெரியாமலே போகட்டும்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம். இவ இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு சொட்டு விடல. பெத்தவ அவ, அடக்கிட்டு நிக்கறா. நான்தான் ரெண்டு வாட்டி டிப்போவுக்கு ஓடிப் போய், நின்ன வண்டில கடைசி சீட்டுல உக்காந்து அழுதுட்டு, மூஞ்சி கழுவிட்டு வந்தேன். உங்ககிட்ட இப்பச் சொல்றேன்னா, அவ ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கா, கேக்காது.

விசில் இதோ, மேல் பாக்கெட்டுலதான் இருக்கு. திங்கக்கெழமையும் எடுத்துட்டுத்தான் போகப் போறேன். ஒரு விசில்னா நில்லுன்னு அர்த்தம்ணே. இத்தன வருஷத்துல நான் ஒரு விசில் குடுத்து நிக்காத வண்டி கெடையாது. பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் பாக்கெட்டுல இருக்கட்டும்.

அண்ணே. அண்ணே, இப்படித் திரும்புங்க. அவ பாக்கறா. மூஞ்சியத் தொடைச்சுக்கங்க, தூசி விழுந்த மாதிரி கண்ணக் கசக்கிக்கங்க. ஐயோ, உங்களைப் போய் அழ வெச்சுட்டேனே. அவ கண்டுபிடிச்சா எனக்குத்தான் விழும்.

கூட்டிட்டு வரவா? நெசமாவா? அப்ப இருங்க, சைகை காட்டறேன். வா, வா. மெதுவா. ரோட்டுல வண்டி வருது, பாத்து வா. பாத்தீங்களா, எந்திரிச்சதும் வயித்தத் தட்டி ஏதோ சொல்றா. எறங்கற எடம் வந்துடுச்சுன்னு சொல்வா, வேற என்ன.

அவ வந்தா ஒண்ணும் கேக்காதீங்க. வாம்மான்னு மட்டும் சொல்லுங்க. உங்க கொரலும் அதுக்குக் கேக்கட்டும். சுத்தியல் இந்தாங்க. எப்பவும் அடிக்கறத விட இன்னைக்குக் கொஞ்சம் நீட்டி அடிங்கண்ணே.

ஜன்னல்லேர்ந்து அந்த டீச்சரம்மா எட்டிப் பாக்கறாங்களே. யாரு அது, எதுக்கு உள்ள விடறேன்னு கேக்கறாங்க போல. சொல்லுங்கண்ணே. புள்ளையக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்கன்னு சொல்லுங்க.