ஏலவார்குழலி அம்மையாருக்குப் பொன்னாடைக்கு முன் படித்த மடல்

காஞ்சி முத்தமிழ் நாடக மன்றத்தில் இருபத்தாறு ஆண்டுகள் நடித்தும், நடிப்போரைக் காத்தும், ஐம்பத்தெட்டாம் வயதில் இன்று ஓய்வு பெறும் கலைச்செல்வி ஏலவார்குழலி அம்மையார் அவர்களின் திருமுன், மன்றத்தார் படித்துப் பணிந்தளிக்கும் மடல்.

ஆனந்த வருடம், ஆனி மாதம் 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை (23-6-1974)

மேடையில் ஏறினால் மிடுக்கே! இறங்கி வந்தால் இரக்கமே! திரைக்கு முன்னே தீந்தமிழும் திரைக்குப் பின்னே தையல் ஊசியும் சளைக்காமல் ஏந்திய செங்கையே! ஏகாம்பரர் சந்நிதிக்கு இடப்புறம் நிற்பவளின் திருப்பெயரை எவரிடமும் கேளாமல் எடுத்துச் சூடிக்கொண்ட எங்கள் குழலியம்மையே! வணக்கம், வணக்கம், பலமுறை வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் பதற்றமின்றி எழுத வேண்டும். இதற்கு முன் இம்மன்றத்தில் ஓய்வு பெற்ற பதினொரு பேருக்கும் அப்படித்தான் எழுதினோம். இந்த ஒன்றை எழுத நான்கு வெள்ளிக்கிழமைகள் ஆயின. அச்சகத்தார் சாமுவேல் அவர்கள் இரண்டு முறை ஆளனுப்பிவிட்டார். காரணம் தங்களுக்கும் தெரியும், இங்கே கூடியிருக்கும் சபைக்கும் ஓரளவு தெரியும். அதை உரிய இடத்தில் சொல்லுவோம். முதலில் முறைப்படி தங்கள் வரலாறு.

தங்களைப் பெற்றவர்கள் ஆண்பிள்ளை பிறந்தது என்று சர்க்கரை வழங்கினார்கள். ஒன்பது வயதில் பாலர் நாடகக் கம்பெனியில் சேர்த்தார்கள். பெண் வேடம் தரித்த பிள்ளைகள் பத்துப் பேர். நாடகம் முடிந்ததும் ஒன்பது பேர் சேலையை அவிழ்த்துப் பெட்டியில் போட்டுவிட்டுச் சட்டை மாட்டிக்கொள்வார்களாம். பதினாறாம் வயதில் ஒருநாள் தாங்கள் சேலையோடே தெருவில் இறங்கி நடந்தீர்கள். வேஷத்தைக் கலைத்துவிட்டுப் போ என்று வாத்தியார் அதட்டியபோது, "இப்பத்தாம்பா கலைச்சேன். இத்தினி நாளா சட்டை போட்டுக்கினு இருந்தேனே, அதான் வேஷம்" என்றீர்களாம். அன்றைக்கே கம்பெனியை விட்டு விலக்கப்பட்டீர்கள். அதற்குப் பின் தெருவில் தங்களை அழைக்க ஊர் ஒரு சொல் வைத்திருந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகும் இந்தத் தாளில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.

1948ஆம் ஆண்டு எங்கள் மன்றத்துக்கு வந்தீர்கள். வரவேற்றோம் என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. ஆண்கள் ஒப்பனை அறையில் தாங்கள் நுழைய மாட்டீர்கள். பெண்கள் ஒப்பனை அறையில் நுழைய விட மாட்டார்கள். ஏழு ஆண்டுகள், மரவாள்களும் தகரக் கிரீடங்களும் அடைந்து கிடந்த சாமான் அறையில், கைக்கண்ணாடியை ஆணியில் மாட்டிக்கொண்டு, அரிதாரம் பூசினீர்கள். எங்களில் ஒருவரும் அதைத் தவறென்று நினைக்கவில்லை. நினைத்தவர் கதாநாயகி தேவகியம்மாள் ஒருவரே. ஒருநாள் சாமான் அறைக் கதவைத் தள்ளி, "வாளெல்லாம் மேல குத்தும், இங்க வாம்மா" என்று கையைப் பிடித்துப் பெண்கள் அறைக்கு அழைத்துப் போனார். தேவகியம்மாள் போன தையில் காலமாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் இந்த மடலில் பாதி வரிகளுக்கு வேலை இருந்திராது.

மேடையில் தாங்கள் ஏற்ற வேடங்கள் நாற்பத்து மூன்று. திரைப்படங்கள் பதினெட்டு. கோடம்பாக்கத்துக்கு விடியற்காலைப் பேருந்தில் போய், கூட்டத்தோடு கூட்டமாய் நின்று, கடைசிப் பேருந்தில் திரும்பி வருவீர்கள். அந்தப் பதினெட்டில் பதினேழு படங்களில் தாங்கள் சிரிப்புக்காக நிறுத்தப்பட்டீர்கள். அதாவது, கதாநாயகனின் தோழன் தங்களைக் கண்டு மிரண்டு ஓடுவான், கொட்டகை குலுங்கும், அவ்வளவே. நாங்களும் நம் ஊர்க் கொட்டகையில் உட்கார்ந்து சிரித்தோம். மறுநாள் ஒத்திகையில் தங்கள் முகத்தைப் பார்த்து நலம் விசாரித்தோம். எங்களில் எவருக்கும் அது உறுத்தவில்லை என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறோம்.

1968ஆம் ஆண்டு கோடையை இங்கே சொல்லாமல் விட முடியாது. செவிலிமேட்டுப் பாலாற்று மணலில் ஒரு படக்கம்பெனி முகாமிட்டது. நம் ஊரிலிருந்தும் ஐயம்பேட்டையிலிருந்தும் முப்பது பேரைக் கூட்டக் காட்சிக்குச் சேர்த்தார்கள். ஊராரெல்லாம் சூழ்ந்துகொள்ள ஒரு பெண் தங்களைத் துடைப்பத்தால் அடிக்க வேண்டும் என்பது காட்சி. துடைப்பத்தை ஐயம்பேட்டை எல்லம்மாள் கையில் கொடுத்தார்கள். தறியை ஒருநாள் நிறுத்திவிட்டு, படத்தில் முகம் வரும் என்று கல்யாணப் புடவை கட்டி வந்த நெசவுக்காரப் பெண்மணி அவர். உயரம் குறைவு. தாங்களோ ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. "குனிம்மா, அவளுக்கு எட்டல, இன்னும் குனி" என்று உதவி டைரக்டர் கத்தினார். குனிந்தீர்கள். அடி நிஜமாகவே விழுந்தது. சிரிப்புச் சத்தம் போதவில்லை, இன்னொரு முறை எடுக்கலாம் என்றார்கள்.

தாங்கள் நிமிர்ந்து, முதுகில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, டைரக்டரிடம் சொன்ன வார்த்தையை அங்கிருந்த எங்கள் தலைவர் தணிகாசலம் காதால் கேட்டார். "ஜனங்களை சிரிக்க வெக்கிறது என் தொழில் சார். ராவும் பகலும் செய்யறேன். என்னெ அடிக்கிறதப் பாத்து சிரிக்கறதுக்கு நான் எதுக்கு, ஒரு சாக்கு மூட்டை போதுமே."

காட்சி நின்றது. முகாம் கலைந்தது. அன்று மாலை பேருந்து நிலையத்தில் எல்லம்மாள் தங்களைப் பிடித்துக்கொண்டார்.

"ஊரே என் மூஞ்சிய படத்துல பாத்திருக்கும். கெடுத்துட்டியே நீ."

"தொடப்பத்தோடல்லம்மா பாத்திருக்கும். அப்பிடியா உன்ன பாக்கணும்?"

இந்தப் பதிலைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தாங்கள் பின்னால் பலமுறை எங்களிடம் கேட்டதுண்டு. எல்லம்மாள் அதன்பின் ஆறு ஆண்டுகளாக நம் நாடகம் எதற்கும் வந்ததில்லை.

கோடம்பாக்கமும் அதன்பின் மூன்று ஆண்டுகள் தங்களை அழைக்கவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில்தான் தங்கள் பெரிய வேடம் தொடங்கியது. நம் செயலர் கோதண்டபாணி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர். நாள், எண், பொருள், பார்வை என்று வரிசை தவறாமல் எழுதி, நகல் எடுத்து வைப்பவர். தாங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதிய மனுக்கள் முப்பத்தொன்று. அடித்துச் சிரிக்க வைக்கும் காட்சிகளில் எங்களைப் போன்றோரை நிறுத்தாதீர்கள் என்று படக்கம்பெனிகளுக்கு எழுதியவை பன்னிரண்டு. திருவிழா நாட்களில் ஒரு குற்றமும் இன்றிப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைக்காதீர்கள் என்று போலீசாருக்கு எழுதியவை எட்டு. மீதி பதினொன்றும் ஒரே ஒரு கட்டிலுக்காக.

தங்களோடு ஒரே வீட்டில், தங்களைப் போலவே வாழும் மணியம்மாள் மஞ்சள் காமாலையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலை ஆண்கள் வார்டுக்கும் பெண்கள் வார்டுக்கும் மாறி மாறித் தள்ளிக் கடைசியில் சாரல் அடிக்கும் வராந்தாவில் விட்டார்கள். தாங்கள் பெண்கள் வார்டு வாசற்படியில் உட்கார்ந்தீர்கள். மனு எண் இருபத்தொன்றிலிருந்து முப்பத்தொன்று வரை அந்தப் படியில் வைத்தே எழுதப்பட்டவை. பதினோராவது நாள் பெரிய டாக்டர் நின்று படித்தார். படித்துவிட்டு, பெண்கள் வார்டில் சுவரோரக் கட்டிலைக் கைகாட்டினார். அந்த மணியம்மாள் இதோ இரண்டாம் வரிசையில், நல்ல தேகத்தோடு, நாம் பேசுவது நீளமென்று கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நம்புகிறோம்.

பதினெட்டாவது படம் 1972இல் வந்தது. ஒரு தாய் வேடம். மூன்றே காட்சி. மகனுக்குச் சோறு போட்டுவிட்டுக் கதவருகே நிற்பீர்கள். நம் ஊர்க் கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியைக் கேட்கவென்றே தாங்கள் ஏழு ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கிப் போனீர்கள்.

இனி, பதற்றத்தின் காரணம்.

இம்மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏட்டில் எழுதியதில்லை, ஆனால் இருபத்துமூன்று ஆண்டுகளாகத் தவறியதில்லை. ஆண் கலைஞருக்கு ஆண் பொன்னாடை போர்த்துவார். பெண் கலைஞருக்குப் பெண் போர்த்துவார். தங்களுக்கு யார் என்ற கேள்வி வந்ததும் தணிகாசலம் பெருந்தன்மையோடு, "நானே போத்தறேன், எவன் என்னா கேக்கப் போறான்?" என்றார். தாங்கள் கோபப்படாமல் பதில் சொன்னீர்கள்.

"நீங்க போத்தினா, இருவத்தாறு வருசமும் என்னெ ஆம்பளையாத்தான் வெச்சிருந்தீங்கன்னு ஆயிடும்பா. ஒரு பொம்பளை கையால போடுங்க. கெடைக்கலன்னா துணிய மேசை மேல வெச்சிடுங்க. மடலை மட்டும் வாங்கிக்கினு போறேன்."

மறுநாளே தேடத் தொடங்கினோம். ஐந்து பெண்மணிகளைக் கேட்டோம். பெயர் சொல்ல மாட்டோம்; எல்லோரும் நல்லவர்கள். ஒருவர் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்களாம். ஒருவருக்குக் கணவர் சம்மதம் வேண்டுமாம். ஒருவர் சரி என்று சொல்லி, இரண்டு நாள் கழித்து மகனை அனுப்பி இல்லை என்றார். மற்ற இருவரும் பார்க்கலாம் என்றார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இதற்கிடையே ஒரு தவறு செய்தோம். எப்படியும் யாராவது கிடைப்பார் என்று நினைத்து, அழைப்பிதழில் "பொன்னாடை போர்த்துபவர்" என்று அடித்து, அதற்கு எதிரே புள்ளிகளை விட்டு, முந்நூறு பிரதி ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டோம். இப்போது டீக்கடையில் கேட்கிறார்கள், தறிக்கூடத்தில் கேட்கிறார்கள், கோயில் வாசலில் கேட்கிறார்கள். இன்று மண்டபம் நிறையும் என்பதில் ஐயமில்லை. தங்களை வாழ்த்த எத்தனை பேர், அந்தப் புள்ளிகளை வேடிக்கை பார்க்க எத்தனை பேர் என்பதுதான் தெரியவில்லை. தாங்கள் விலகிக்கொள்வீர்களோ என்று பயந்து கேட்டோம். "நான் பாக்காத கூட்டமா?" என்றீர்கள். ஆனால் தேநீரைக் குடிக்காமலே குவளையைக் கீழே வைத்தீர்கள், நாங்கள் பார்த்தோம். இதையெல்லாம் மடலில் எழுதலாமா என்றதற்கும், "நடந்ததத்தானே எழுதற, எழுதுப்பா" என்று அனுமதி தந்தீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை மாலைவரை ஒருவரும் கிடைக்கவில்லை. மடலின் அடியிலும் ஒரு வரியை வெற்றிடமாக விடச் சொல்லி அச்சுக்குக் கொடுக்கிறோம். ஏழு ஆண்டுகள் சாமான் அறையில் விட்டவர்கள், கொட்டகையில் சிரித்தவர்கள், புள்ளிகள் அடித்தவர்கள் ஆகிய நாங்கள், தங்களிடம் மன்னிப்பைத் தவிர வேறொன்றும் நிச்சயமாகக் கொண்டுவரவில்லை.

கூடியுள்ள தாய்மார்களே! இந்தப் பொன்னாடை மேசைமேல் இருக்கிறது. மடல் முடியும் இடத்தில் நாங்கள் கைகட்டிக் காத்திருக்கிறோம்.

அம்மையீர்! முதுகு நிமிர்ந்து, முழங்கால் நோவின்றி, மருந்துச் சீட்டின்றி, மனுச் சீட்டும் இன்றி, நூறாண்டைத் தாண்டித் தாங்கள் வாழ வேண்டும். எங்கள் ஒத்திகைகளுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து எங்கள் உச்சரிப்பைத் திட்ட வேண்டும். ஏலவார்குழலி என்னும் பெயரை இந்த மன்றம் மேடையிலும் ஏட்டிலும் உள்ளபடியே, உரக்கவே, என்றும் சொல்லும்.

தங்கள் அன்பை மறவாத,
தலைவர் தணிகாசலம், செயலர் கோதண்டபாணி
மற்றும் காஞ்சி முத்தமிழ் நாடக மன்றத்தார்

பொன்னாடை போர்த்தியவர்: எல்லம்மாள், நெசவாளர், ஐயம்பேட்டை

(சட்டம் போடுமுன் செயலர் தம் கையால் சேர்த்தது)

மேற்படி வெற்றிடத்தை 23-6-1974 மாலை ஆறேகால் மணிக்கு நிரப்பினேன். விவரம் பின்வருமாறு. மடலைப் படித்து முடித்தோம். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஒருவரும் எழவில்லை. அம்மையார் மடலை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிவிட்டார். அப்போது பெண்கள் பக்கம் கடைசித் தூணருகிலிருந்து எல்லம்மாள் எழுந்து வந்தார். நாங்கள் அவரை அழைத்திருக்கவில்லை. கேட்கும் துணிவு எங்களுக்கு இருந்ததில்லை. மேடை ஏறி, யாரையும் பாராமல், பொன்னாடையை எடுத்து உதறினார். அம்மையார் தம் உயரத்தை நினைத்துத் தலையையும் தோளையும் தாழ்த்தினார்.

"குனியாதம்மா. அன்னிக்கி குனிஞ்சது போதும். நேரா நில்லு, நான் ஏறிக்கிறேன்."

ஆர்மோனியப் பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி, மடிப்புக் கலையாமல் இரு தோளிலும் போர்த்தினார். பெட்டியிலிருந்து இறங்கவில்லை. அம்மையாரின் தோளைப் பிடித்தபடியே, கீழே நின்ற போட்டோக்காரரைப் பார்த்துக் கேட்டார்:

"என் மூஞ்சி தெரியுதாப்பா?"

தெரிந்தது. போட்டோ இம்மடலுக்கு வலப்புறம் மாட்டப்படும்.