சிவப்பு விளக்குக்குக் கீழே

உங்கள் கம்ப்யூட்டரில் கடிகாரம் பிந்தி ஓடுகிறது, சார். வாக்குமூலத்தை அடித்து முடித்ததும் சரிசெய்து தருகிறேன். கூலி வேண்டாம். இந்த மாதிரிச் சின்ன உதவிகளை நான் யாருக்கும் மறுத்ததில்லை.

என் பெயர் மெல்வின். அன்னவாசலில் வீடியோ எடிட்டிங் கடை. ஞாயிறுதோறும் ஆவூர்க் கோயிலில் வேதவாசகம் படிப்பவன் நான்தான். படிக்கும்போது தலை சற்று நிமிர்ந்திருக்கும்; இறைவார்த்தைக்குக் கொடுக்கும் மரியாதை அது. முன்வரிசையில் பங்கிராஸ் உட்கார்ந்திருப்பான். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. கையால் பேசுகிறவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். எனக்கு அவன் வைத்தது இது: தாடையை வானத்துக்குத் தூக்கி, அதற்கடியில் ஒரு விரலை முட்டுக் கொடுப்பது. முதலில் அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். பிறகு நற்கருணை வரிசையில் நின்ற சிறுபிள்ளைகள்கூட அதைச் செய்தார்கள். நான் கோபப்படவில்லை. அவனுக்காக ஜெபித்தேன். ஒரு வாக்கியம் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

கல் உடைக்கும் கிரஷரில் அவனுக்கு வேலை கிடைத்தது. முதலாளி நல்லதம்பி என்னிடம் வந்தார்.

"அவனுக்குச் சொல்லிக் குடுக்க நமக்குச் சைகை தெரியாது தம்பி. மேஸ்திரி பேசுறத போன்ல புடிச்சிருக்கேன். கீழ எழுத்துப் போட்டுக் குடுங்க, படிச்சுக்கிடுவான்."

பாடம் எளிது. பச்சை விளக்கு எரிந்தால் கல்லைக் கொண்டுபோகும் பெல்ட் நின்றுவிட்டது என்று அர்த்தம். சிக்கிய கல்லைக் கையால் எடுக்கலாம். சிவப்பு எரிந்தால் பெல்ட் ஓடப்போகிறது. விலகி நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு மணியும் அடிக்கும்.

போனில் எடுத்த படம் ஒரே சீராக ஓடாது, சார். வெளிச்சத்துக்குத் தக்கபடி நொடிக்கு இத்தனை பிரேம் என்ற எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். அப்படியே எழுத்தைப் பதித்தால் தொடக்கத்தில் ஒட்டி வரும், போகப்போகப் பின்தங்கும். படத்தை முதலில் ஒரே வேகத்துக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. அவசரத்தில் மாற்றாமல் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அவன் மனைவி அருளம்மாள் வந்தாள்.

"பேச்சு முன்னாடி போயிருதுண்ணே, எழுத்து பின்னாடி வருது. கோயில்ல நீங்க படிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமா வரணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும்.

உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் குடித்துக்கொண்டிருக்கையில் படத்தைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குக் கீழே, 'இப்போது கையை உள்ளே விடலாம்' என்று எழுத்து வந்து நின்றது. பிறகு அவளுக்குத் தொடக்கத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். அது முன்பே சரியாகத்தான் இருந்தது.

"சரியாயிருச்சு, கொண்டு போம்மா."

"நல்லா இருப்பீங்கண்ணே."

முதல்முறை கொடுத்தது பிழை. இரண்டாம் முறை கொடுத்தது பிழை இல்லை, சார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பெல்ட் அவன் இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு முதலில் போனவன் நான்தான். பங்கிராஸ் என்னைப் பார்த்தான். தாடையைத் தூக்கினான். முட்டுக் கொடுக்க விரல் இல்லை. மறுபடியும் தூக்கினான்.

"என்ன கேக்குறாரு?" என்றாள் நர்ஸ்.

"தண்ணி கேக்குறான், சிஸ்டர்."

நானே டம்ளரைப் பிடித்துப் புகட்டினேன். அருளம்மாள் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தாகமாக இருந்திருக்கும்.