ஸ்கிப் அக்கரை சேர்ந்த விதம்

சோற்றுருண்டையை சாண்ட்விச் என்று சொல்வது அப்படியொன்றும் பெரிய பாவம் இல்லை. பதினோரு வருடமாக என் வேலையே அதுதான். ஜப்பானிலிருந்து கார்ட்டூன் டேப்புகள் பர்பாங்கில் உள்ள எங்கள் ஸ்டூடியோவுக்கு வரும். அமெரிக்கப் பிள்ளைகள் சனிக்கிழமைக் காலையில் கார்ன்ஃப்ளேக்ஸ் தின்றுகொண்டே பார்க்கும்படி அவற்றை மாற்றி எழுதுவேன். சாராயம் குடிக்கிற கிழவர் ஆரஞ்சு ஜூஸ் குடிப்பார். கடைப் பலகையில் இருக்கும் எழுத்தை அழிப்போம், ரத்தத்தையும் அழிப்போம். யாரும் சாகக் கூடாது என்பது சானல்காரர்களின் சட்டம். வில்லனைக்கூட வேறு ஊருக்குத்தான் அனுப்ப வேண்டும். எத்தனையோ பேரை நான் அப்படி அனுப்பியிருக்கிறேன், அதிகாரி ஐயா.

நாற்பத்தொன்றாம் பகுதி தொண்ணூற்றேழு ஜனவரியில் வந்தது. அதில் ஷின்பே என்கிற பையன், எங்கள் பதிப்பில் ஸ்கிப் என்று பெயர், உறைந்த ஏரியைக் குறுக்கே கடக்கிறான். பனிக்கட்டி உடைந்து உள்ளே போகிறான். அவன் தாய் கரையில் மண்டியிட்டு அழுகிறாள். பிறகு ஊதுபத்தி, கறுப்பு உடை, அவ்வளவுதான்.

ஊதுபத்தியை வெட்டினேன். நான்காம் பகுதியில் ஸ்கிப் கையசைக்கும் காட்சி ஒன்று இருந்தது, அதை எடுத்து ஒட்டினேன். அதில் மரமெல்லாம் பச்சை இலையோடு நின்றது, யாரும் கவனிக்கவில்லை. தாயின் முகத்தை வெட்டினால் நேரம் குறைந்துவிடும். அதனால் அவள் வாய் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணினேன். ஒன்பது. அதில் அடங்கும்படி எழுதினேன்: “நீந்தியே அக்கரை சேந்துட்டான்.” அழுகை ஆனந்தக் கண்ணீர் ஆகிவிட்டது. கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்குப் பெருமைகூட.

எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஃபூமியே கிடசாவா என் மேஜைக்கு வந்தாள்.

“லோர்னா, இத எடுத்ததே பயமுறுத்தத்தான். இளகுற மார்ச் மாச ஐஸ்ல கால வைக்காதேன்னு எங்க பிள்ளைங்களுக்குச் சொல்றது. பையன் பொழைச்சுட்டான்னா அப்புறம் என்ன கதை?”

“நல்ல கதை. நீ சாவுக்கு அழற, நான் மார்ச் மாச ஒளிபரப்புக்கு அழறேன்.”

“மீன் புடிக்கிறவங்க தூக்கிட்டாங்கன்னு போடேன். தானா நீந்தினான்னு மட்டும் போடாத.”

“வாய்க்குப் பொருந்தலையே, ஃபூமியே.”

அவள் சிரிக்கவில்லை. தன் மொழிபெயர்ப்புப் பிரதியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் முதல் சனிக்கிழமை ஒளிபரப்பானது. பதினோராம் தேதி எமெட் ஸ்வான்சனின் கடிதம் வந்தது. ஸ்கிப் பெயருக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் போடுவதும் நான்தான். மினசோட்டா, எட்டு வயது, பென்சில் எழுத்து. ‘எங்க வீட்டுக்குப் பின்னாடியும் ஏரி இருக்கு. ஐஸுக்கு அடியில எவ்ளோ நேரம் மூச்சப் புடிக்கணும்?’ ஸ்கிப் கூப்பிடுவான் என்று வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதியிருந்தான்.

எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன். அது பொய். படித்தவுடன் புரிந்துவிட்டது. ரிசீவரைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் என்ன சொல்வது, ஸ்கிப் பிழைக்கவில்லை என்றா? ரிசீவரை வைத்துவிட்டு, அச்சடித்த அட்டை ஒன்றில் ஸ்கிப்பின் கையெழுத்தைப் போட்டேன். கீழே என் கைப்பட ஒரு வரி சேர்த்தேன்: ‘தைரியசாலிகள் எப்போதும் அக்கரை சேர்வார்கள்.’ குழந்தை மனம் நோகக் கூடாதே என்றுதான் அப்படி எழுதினேன்.

ஏரியிலிருந்து எடுத்தபோது அந்த அட்டை அவன் கோட்டுப் பையில் இருந்ததாகச் சொன்னீர்கள்.

ஏப்ரலில் அவன் தாய் தொலைபேசினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“அவன்கூட உக்காந்துதான் நானும் பாத்தேன். அந்தம்மா ஏன் அழறாங்கன்னு கேட்டான். சந்தோஷத்துலடா கண்ணுன்னு சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்?”

“சரிதாம்மா.”

“ஜப்பான்லயும் அப்படித்தான் இருந்துச்சா?”

“எனக்கு வந்த மொழிபெயர்ப்பு அப்படித்தான் இருந்துச்சு,” என்றேன்.

அன்றைக்கே ஃபூமியேயின் பிரதியைக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டேன். ஸ்டூடியோ விசாரித்தபோது அவளிடம் காட்ட எதுவும் இல்லை. பழி அவள் தலையில் விழுந்தது, வேலையும் போயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, “எனக்கும் ஒரு நல்ல முடிவா எழுதிட்டியா, லோர்னா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. இப்போதெல்லாம் டிவியில் எந்தத் தாய் அழுதாலும் அவள் வாயசைவைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

எமெட்டின் கடிதத்தை மட்டும் கிழிக்கக் கை வரவில்லை. இந்த உறைக்குள் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறிக்கையில் கிடசாவாவின் பெயரை எல்லா இடத்திலும் அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். அந்தப் பையனை ஏரிக்கு அனுப்பியது நான்.

நீங்கள் தட்டச்சு செய்த என் வாக்குமூலத்தை முழுக்கப் படித்துவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். பன்னிரண்டாம் வரியில் ‘மூழ்கி இறந்தான்’ என்று இருக்கிறது. இதை அவன் தாய் படிப்பாள் இல்லையா? அங்கே ‘அக்கரை சேர்ந்தான்’ என்று போடலாம். அதே இடத்தில் அடங்கும். எண்ணிப் பார்த்துவிட்டேன்.