கொள்ளிடத்தில் கிடைத்தவர் என் அண்ணன் அல்ல

என் பெயர் அரவிந்தன், வயது 17, த/பெ மருதை, மன்னார்புரம், திருச்சி. பிளஸ் டூ படிக்கிறேன். என் அம்மா பானுமதி பக்கத்தில் இருக்க, நான் சொல்லச் சொல்ல இது எழுதப்படுகிறது. தெருவில் என்னை வாயாடி என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வருடமாக வாய் ஆடவில்லை.

என் அண்ணன் ரஞ்சித், லின்சி என்கிற நர்சைக் காதலித்தார். "அவளைக் கட்டுனா நீ செத்ததா நெனச்சுக் காரியம் பண்ணிடுவேன்" என்று அப்பா சொன்னார். அதன் பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் சித்திரையில், அம்மா மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டிவிட, அண்ணன் மஞ்சள் வேட்டியோடு சமயபுரத்துக்கு நடந்து போனார். திரும்பி வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அதன் பிறகு கொள்ளிடத்தில் ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாகத் தகவல் வந்து போனோம். பொம்பளைங்க பார்க்க வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட, அப்பா மட்டும் பிணவறைக்குள் போனார். முகம் தெரியும்படி இல்லாததால் வேட்டியையும் காப்பையும் பார்த்து அண்ணன்தான் என்று கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் சமயபுரம் போகக் கொள்ளிடப் பாலத்தில் நடந்த பாதிப் பேர் அதே வேட்டி, அதே காப்பு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு ஓயாமரி சுடுகாட்டில் கொள்ளி வைத்தது நான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "டேய் வாலு, நான்தான்" என்றது அண்ணன் குரல். என்னைவிடப் பெரிய குறும்பன் எவனோ என்று நினைத்து, "மேல எப்படிண்ணே, வெயில் அதிகமா?" என்று கேட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. லின்சி அண்ணியோடு கொச்சியில் இருப்பதாகவும், தன்னுடைய கண்ணீர் அஞ்சலி பிளக்ஸை யாரோ ஸ்டேட்டஸ் வைத்ததைப் பார்த்ததாகவும் சொன்னார். "அப்பா சொன்னதைச் செஞ்சிட்டாரு. அப்படியே இருக்கட்டும்டா. அம்மா மேல சத்தியம், சொல்லிடாத" என்றார். அதன் பிறகு மாதம் ஒருமுறை பேசுவார். முதல் வருடத் திதியன்று மாலை போட்ட படத்துக்கு அம்மா படையல் வைத்துக்கொண்டிருக்கும்போது, படத்தில் இருந்தவர் போன் செய்து, "இன்னைக்கு என்னடா சமையல்?" என்று கேட்டார். வாழைக்காய் வறுவல் என்றேன்.

இந்த வருடத் திதிக்கு முந்தின நாள், அம்மா அடுப்படியில் வைத்து என்னிடம், "தெனம் கனவுல ஈரத்தோட வந்து நிக்கிறான்டா. தலையத் துவட்டுடான்னா முகத்தைத் திருப்பவே மாட்டேங்குறான்" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தேன். "அம்மா, அண்ணன் உயிரோட இருக்கான்" என்றேன். கையில் இருந்த கரண்டியாலேயே அடித்தார். "இதுலயுமாடா உன் வெளையாட்டு?" அதன் பிறகு வீடியோ கால் போட்டுக் கையில் கொடுத்தேன். அம்மா திரையில் அண்ணன் கன்னத்தைத் தடவியதில் கால் கட்டாகிவிட்டது.

மறுபடி போடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அது யாருடா?" என்றார்.

இரண்டு வருடத்தில் ஒரு நாளும் நான் அதை யோசித்ததில்லை. "என்னை உள்ள விட்டிருந்தா காப்பைப் பார்த்தே சொல்லியிருப்பேன். நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா? அந்தப் புள்ளைக்கும் ஒருத்தி கட்டித்தான அனுப்பியிருப்பா?" என்று சொல்லி, அம்மாதான் என்னை இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார். அப்பா வெளியே வண்டியில் இருக்கிறார்; உள்ளே வரவில்லை.

அந்தச் சித்திரையில் சமயபுரம் போய்த் திரும்பாத வேறு யாரையாவது தேடி ஒரு வீட்டில் புகார் கொடுத்திருப்பார்கள். அந்த வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுகிறேன். கண்டுபிடித்தால் இதையும் சொல்லச் சொல்லி அம்மா கேட்டுக்கொள்கிறார்: அவருக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம், கோடித்துணி போர்த்தினோம், ஒரு தம்பி கொள்ளி வைத்தான், ஓர் அம்மா மண்ணில் விழுந்து அழுதார், எதிலும் குறை வைக்கவில்லை.

மேலே உள்ளது முழுவதும் எனக்கும் என் அம்மாவுக்கும் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் ஒன்றுகூட விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

(ஒப்பம்) ம. அரவிந்தன்
உடனிருந்தவர்: ம. பானுமதி, தாயார்